மலைக்குப் போகவேண்டிய தாள்

அம்மாவுக்கான பிரதி ஒரே மூச்சில் வந்துவிட்டது. அடுத்ததுதான் வரவில்லை.

சந்திரமோகன் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த லேசர் பிரிண்டருக்கு வயது ஒன்பது. சென்னையில் ஏதோ ஒரு கம்பெனியை இழுத்து மூடியபோது ஏலத்தில் எடுத்து, பழந்துணி சுற்றி, பஸ்சின் கடைசி சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு வந்தது. திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவன் நடத்திய டி.டி.பி. கடையில் நான்கு வருஷமாகப் பள்ளிக்கூடக் கேள்வித்தாள், காதுகுத்துப் பத்திரிகை, ஜாதகம், மனு எல்லாம் அதன் வயிற்றிலிருந்துதான் வந்துகொண்டிருந்தன. உள்ளே உருளையில் ஒரு கீறல் உண்டு. அதனால் எந்தத் தாளை எடுத்தாலும் இடது ஓரமாக, அரைச் சாணுக்கு ஒன்று வீதம், மிளகு அளவுக்கு ஒரு கரும்புள்ளி விழும். கேட்கிறவர்களிடம் திருஷ்டிப் பொட்டு என்று சொல்லிச் சிரித்துச் சமாளித்துவிடுவான். தாள் சிக்குவதும் புதிதில்லை. சிக்கினால் மூடியைத் திறந்து உருவிப் போட்டுவிட்டு அடுத்ததைக் கொடுப்பான், அவ்வளவுதான்.

ஆனால் இன்றைக்கு வேண்டியது ஒரே ஒரு தாள். தங்கை கனிமொழியின் கல்யாணப் பத்திரிகை. ஐந்நூறு பிரதியும் அரக்கோணத்து அச்சகத்தில் அடிப்பார்கள், அது பிறகு. முதல் பத்திரிகை மட்டும் இங்கே எடுத்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, மலைக்கு மேலே முருகன் காலடியில் வைக்கவேண்டும். நாளைக்கு அஷ்டமி, மறுநாள் நவமி. மாப்பிள்ளையின் அப்பா சடகோபன் பள்ளிப்பட்டிலிருந்து குடும்பத்தோடு வந்து மலைமேல் மண்டபத்தில் காத்திருக்கிறார். மணி மூன்றரை. சாயங்கால பூஜைக்குள் தாள் அங்கே இருக்கவேண்டும்.

"என்னாச்சிண்ணா?" என்றாள் கனிமொழி. கையில் மஞ்சள் குழைத்த கிண்ணம்.

"உன் மஞ்சள்தான் ஆச்சு" என்று எரிந்து விழுந்தான். அச்சடிக்கும் முன்பே வெற்றுத்தாளில் தடவிக் கொடுத்தவள் அவள்தான். ஈர மூலையோடு உள்ளே போனால் சிக்காமல் என்ன செய்யும்? மூடியைத் திறந்து, டோனரை உருவி வெளியே வைத்து, தாளை மெல்ல இழுத்தான். மூன்று விரற்கடைதான் உள்ளே போயிருந்தது. மீதி தட்டிலேயே கிடந்தது. ஆரஞ்சு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

உலர்ந்த தாள் ஒன்றை வைத்தான். மோட்டார் முனகியது. ரோலர் கிளக்கென்று இறங்கி, தாளைக் கவ்வி, ர்ர்ர் என்று சுற்றியது. நின்றது. ஆரஞ்சு விளக்கு.

உருவிப் பார்த்தான். நாலு வருஷத்தில் சிக்கிய தாளைப் பார்த்தே நோயைச் சொல்கிற பழக்கம் வந்திருந்தது. முன்விளிம்பு விசிறிபோல் மடிந்திருந்தால் உள்ளே அடைப்பு. ரோலர் தடம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் வழுக்கல். இந்தத் தாளின் முன்பக்கம் சுத்தமாக இருந்தது. கசங்கியிருந்தது பின்விளிம்பு. நட்டநடுவில், ஒரே ஒரு இடத்தில், மேலிருந்தும் கீழிருந்தும் அமுக்கினமாதிரி ஒரு சின்னக் கசங்கல். ரோலர் முன்னே இழுத்திருக்கிறது, ஏதோ ஒன்று பின்னேயிருந்து பிடித்திருக்கிறது. தட்டின் தகரம் எங்கேயாவது நிமிர்ந்துகொண்டிருக்கும் என்று விரலால் தடவிப் பார்த்தான். தகரம் வழவழவென்று இருந்தது.

வெளியே ஐப்பசி மழை பிடித்திருந்தது. ஷட்டரில் தண்ணீர் தாரையாக வடிந்து, வாசலில் நிறுத்தியிருந்த அவன் மொபெட்டின் சீட்டில் கொட்டியது. கடைக்குள் நனைந்த சாக்கின் வாடை, சூடான டோனரின் கருகல் வாடை, கிண்ணத்து மஞ்சளின் பச்சை வாடை எல்லாம் கலந்து நெற்றியைப் பிடித்தன. கனிமொழி ஸ்டூலில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் பத்திரிகை இருந்தது. அம்மாவுக்குக் கொடுத்த பிரதிக்கும் இதற்கும் ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம்.

அம்மாவின் பிரதியில், தங்கள் வரவை விரும்பும் சகோதரர்கள் என்ற வரிக்குக் கீழே முதல் பெயராக ஜ. ஆனந்தன் என்று இருந்தது. மலைக்குப் போகிற பிரதியில் அதற்கு முன்னால் தெய்வத்திரு என்று சேர்த்திருந்தான்.

ஆனந்தன் மூத்தவன். ஏழு வருஷத்துக்கு முன், ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் காலையில், மணவூர் வரைக்கும் போய்விட்டு மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியவன். மணவூர் ஸ்டேஷனில் ரயிலைவிட்டு இறங்கியதைப் பார்த்தவர் உண்டு. அதற்குப் பிறகு பார்த்தவர் ஒருவரும் இல்லை. போலீஸ், பேப்பர், சாமியாடி, குறி எல்லாம் பார்த்தாயிற்று. அப்பா ஜம்புலிங்கம் அந்த ஏக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். அம்மா தாயம்மாள் மட்டும் ஒவ்வொரு கிருத்திகைக்கும் முன்னூற்று அறுபத்தைந்து படியும் ஏறி இறங்கி, பெரியவன் வருவான் என்பதில் ஒரு மயிரிழைகூட அசையாமல் இருந்தாள். தர்ப்பையில் உருவம் செய்து எரித்துக் காரியத்தை முடித்துவிடலாம் என்று சொன்ன மாமனை வீட்டு வாசலோடு திருப்பி அனுப்பினவள் அவள்.

ஆனால் கனிமொழிக்கு இருபத்தொன்பது ஆகிறது. அண்ணன் இருக்கிறானா இல்லையா என்ற கேள்வியிலேயே இரண்டு சம்பந்தம் தட்டிப்போனது. சடகோபன் நல்ல மனிதர்தான், கோபப்படாமல்தான் சொன்னார்.

"பேர எடுக்கவும் வாணாம், மறைக்கவும் வாணாம். பெரிய புள்ள இருக்காருன்னா மணையாண்ட வந்து நிக்கணும். இல்லன்னா இல்லன்னு போட்டுடுங்க. ரெண்டுங்கெட்டானா ஒரு பேரு எங்க பத்திரிகையில இருக்கக்கூடாதுங்க."

ஏழு வருஷமாகக் காணாதவனைச் சட்டமே செத்தவனாகத்தான் வைக்கிறது என்று வக்கீல் குமாஸ்தாவும் சொன்னார். மோகன் இரண்டு நாள் யோசித்தான். பிறகு, அம்மாவுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று என்று இரண்டு பத்திரிகை போடுவதாக முடிவுசெய்தான். அம்மா எழுத்துக்கூட்டிப் படிப்பாள். அவளுடைய பிரதியில் மகன் உயிரோடு இருந்துவிட்டுப் போகட்டும். யார் போய்ச் சொல்லப்போகிறார்கள்? கனிமொழி சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

புது ரீம் பிரித்தான். மழைக்காலத்தில் தாள் ஈரத்தைக் குடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தாள்கட்டை மேசையில் தட்டி, காற்றுப்போக விசிறி, புரட்டிப்போட்டு வைத்தான். கிளக். ர்ர்ர். ஆரஞ்சு. ரோலரைக் கழற்றி, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தான், துணி கறுத்தது. வழுக்கல் போக உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தான். கிளக். ர்ர்ர். ஆரஞ்சு. தாளைப் பிரித்துவிடுகிற ரப்பர் கட்டை தேய்ந்திருக்கும் என்று சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி அதன்மேல் ஒட்டினான். கிளக். ர்ர்ர். அந்தச் சத்தம் கேட்கக் கேட்கப் பல்லைக் கடித்தான். எழவு பிடித்த மிஷின். கல்யாணப் பத்திரிகையிலா காட்டவேண்டும் உன் குணத்தை?

ஒவ்வொரு தாளிலும் அதே கசங்கல். அதே இடம்.

சோதித்துப் பார்க்கலாம் என்று ஏழாம் வகுப்பு வரலாறு கேள்வித்தாளைக் கொடுத்தான். பத்துத் தாள், வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கி வந்தது. பத்திரிகையைக் கொடுத்தான். நின்றது. அரக்கோணத்து மெக்கானிக் நாகேந்திரனுக்குப் போன் போட்டான். நாகேந்திரன் நிதானமாக எல்லாம் கேட்டுவிட்டு, ஒரே தாள், ஒரே தட்டு, ஒன்று வந்து ஒன்று வராது என்றால் அது மிஷின் கோளாறே இல்லை, நீதான் பதற்றத்தில் எதையோ மாற்றுகிறாய் என்றான். மோகன் ரிசீவரைப் போட்ட வேகத்தில் மேசைமேல் இருந்த பேனா உருண்டு விழுந்தது.

எதை மாற்றுகிறேன்? உட்கார்ந்து யோசித்தான். பிறகு தெய்வத்திரு என்ற சொல்லை அழித்துவிட்டுக் கொடுத்தான்.

வந்தது.

திரும்பச் சேர்த்தான். நின்றது.

அழித்தான். வந்தது. சேர்த்தான். நின்றது.

அவனுக்குச் சிரிப்புதான் வந்தது, கோபத்தில் வருகிற சிரிப்பு. தாளை ரோலர் எடுப்பது முதல் வேலை. எழுத்து விழுவது அதற்கப்புறம். மையே படாத வெற்றுத்தாளுக்குத் தன்மேல் என்ன விழப்போகிறது என்று எப்படித் தெரியும்? தாளுக்குப் படிக்கத் தெரியுமா? இதை நாகேந்திரனிடம் சொன்னால் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பான்.

"மஞ்ச வெக்காம எடுக்கறல்ல, அதாண்ணா" என்றாள் கனிமொழி. குரல் கம்மியிருந்தது. "மொத தாளு வெறுமனே போவக்கூடாது."

வாய்க்குள் வந்ததை விழுங்கிக்கொண்டான். அழுதுவிடுவாள்போல் இருந்தாள். பூமாலையும் தேங்காய் பழமும் வாங்கிக்கொண்டு ஆட்டோவையும் பிடித்து வரச்சொல்லி அவளை அனுப்பினான். அவள் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள். மணி ஐந்தேகால். மேகம் கவிந்து, கடைக்குள் விளக்கு போட்டும் இருட்டாகவே இருந்தது.

சரி, அவள் ஆசைக்கு என்று ஒரு தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைத்தான். அவசரத்தில் பின்விளிம்பு நெடுகவும் ஒரு கோடாக ஈஷிக்கொண்டது. மேசை விளக்குக்குக் கீழே காட்டி, முக்கால்வாசி உலர்ந்ததும் தட்டில் வைத்தான். அச்சுக் கட்டளையைக் கொடுத்தான். இந்தமுறை திரையைப் பார்க்கவில்லை. குனிந்து, தட்டின் பின்பக்கத்து இருட்டுக்குள் பார்த்தான்.

கிளக். ரோலர் இறங்கியது. தாள் முன்னே நகர்ந்தது. ஒரு விரற்கடை. இரண்டு. மூன்று. நின்றது. தாள் இழுபட்டு முறுக்கேறி அதிர்ந்தது. வெடவெடவென்று ஒரு மெல்லிய சத்தம். பின்னால் எதுவும் இல்லை. வெறும் தகரம், வெறும் இருட்டு.

தாளை உருவி விளக்கடியில் பிடித்தான்.

மஞ்சளில் தடம் விழுந்திருந்தது. மேல்பக்கம் அகலமாக ஒரு கட்டைவிரல், ரேகை தெரிய. திருப்பினான். அடிப்பக்கம் நீளமாக ஒரு விரல். அதன் பக்கத்தில், ரேகையே இல்லாமல், உருண்டையாக ஒரு சின்ன அழுத்தம்.

தன்னுடையதுதான் என்று நினைத்தான். நினைக்கப் பார்த்தான். இன்னொரு தாளை எடுத்து மஞ்சள் தொட்டுத் தன் விரலாலேயே பிடித்துப் பார்த்தான். கட்டைவிரல், ஆள்காட்டி விரல். எல்லாரும் அப்படித்தான் பிடிப்பார்கள். எப்படித் திருகிப் பிடித்தாலும் அந்த உருண்டை வரவில்லை. அது வருவதற்கு ஆள்காட்டி விரல் பாதியோடு போயிருக்கவேண்டும்.

கழனி பம்புசெட்டு பெல்ட்டில் ஆனந்தனுக்குப் போனதுபோல. அதற்குப் பிறகு அவன் பேனாவோ பீடியோ எதையெடுத்தாலும் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவேதான் பிடிப்பான். மிச்சமிருந்த விரல்கட்டை பக்கத்தில் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும்.

மோகன் தாளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டான். கூடையிலிருந்து அது மெல்லப் பிரிகிற சத்தம் கேட்டது. கசக்கிய தாள் பிரியும், எல்லாத் தாளும் பிரியும், அது ஒன்றும் இல்லை. காலால் கூடையை மேசைக்கடியில் தள்ளினான்.

விட்டுவிட்டால் என்ன என்று ஒரு நிமிஷம் தோன்றியது. மேலே போய், சார், போடமுடியவில்லை, மன்னித்துவிடுங்கள் என்று சொல்லலாம். சடகோபன் கோபப்படமாட்டார். தலையை ஆட்டிவிட்டு, குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு பள்ளிப்பட்டு பஸ் ஏறிவிடுவார். கனிமொழி தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவாள். மூன்றாவது முறை. அதற்கப்புறம் யாரும் கேட்டு வரமாட்டார்கள்.

அதை நினைத்ததும் பயத்தைத் தள்ளிக்கொண்டு கோபம் வந்தது. ஏழு வருஷம். போனவன் ஒரு கடுதாசி போட்டானா? அப்பனுக்குக் கொள்ளி வைக்க வந்தானா? ஒவ்வொரு கிருத்திகைக்கும் கிழவியைப் படியேற்றி இறக்கி, இவனைக் கடைக்கும் கழனிக்கும் நடுவில் நாயாக அலையவைத்து, இப்போது ஒரு தாளையும் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

பார்க்கலாம் என்று பல்லைக் கடித்தபடி எழுந்தான்.

தெய்வத்திரு இல்லாமல் எடுத்த பிரதி ஒன்று ஏற்கெனவே வந்து கிடந்தது. அதை எடுத்தான். திரையில் மற்ற எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பெயருக்கு முன்னால் வரவேண்டிய இடத்தில் தெய்வத்திரு என்ற ஒரே சொல்லை மட்டும் விட்டுவைத்தான். தட்டே வேண்டாம். முன்பக்கம் கையால் கொடுக்கிற வாய் ஒன்று உண்டு. அதில் இவனே தாளைப் பிடித்துக் கொடுப்பான். பின்னே நின்று பிடிக்க இடமே இருக்காது.

பின்மூடியைத் திறந்துவைத்தான். உள்ளிருந்து சூடு முகத்தில் அடித்தது. சூட்டோடு வேறொரு வாடையும். சேற்றுத்தண்ணீரில் ஊறிய துணியின் வாடை. மழைதான். எல்லாம் மழைதான்.

கட்டளையைக் கொடுத்தான். ரோலர் கவ்வியது. தாள் அவன் கையிலிருந்து நழுவி உள்ளே போனது. போயிற்று. ஓடிப்போய்ப் பின்பக்கம் பார்த்தான். முன்விளிம்பு எட்டிப்பார்த்தது. ஒரு விரற்கடை. நின்றது.

மோட்டார் ஊளையிட்டது.

அந்த விளிம்பைப் பிடித்து இழுத்தான். வந்தது, பிறகு போனது. உள்ளே போனது. யாரோ இழுத்தார்கள். ரோலர் இழுப்பு எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும், ஒரே சீராக, உயிரில்லாமல். இது அப்படி இல்லை. இழுத்தது, கொஞ்சம் விட்டுக்கொடுத்தது, மூச்சுவாங்கினமாதிரி நின்றது, மறுபடி இழுத்தது. சின்ன வயதில் கிணற்றங்கரையில் தாம்புக்கயிற்றை ஆளுக்கொரு முனையில் பிடித்து இழுத்து விளையாடுவார்கள். ஆனந்தன் இப்படித்தான். தம்பி விழுந்துவிடக்கூடாது என்று விட்டு விட்டுத்தான் இழுப்பான்.

இரண்டு கையாலும் பிடித்தான். காலை மேசையில் உதைத்துக்கொண்டான். சூடு விரலைச் சுட்டது. கண்ணில் தண்ணீர். கிழியவில்லை. ஏன் கிழியவில்லை? சாதாரணத் தாள். ஏன் கிழியவில்லை?

"விடுண்ணா."

தன் குரல்தான். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது.

இழுப்பு நின்றது.

மோட்டார் மட்டும் ஓடியது. மோகன் அசையவில்லை. பிறகு, உள்ளேயிருந்து, தாள் தானாக வந்தது. தடையே இல்லாமல், சீராக, சூடாக, அவன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வந்து இறங்கியது. பச்சை விளக்கு எரிந்தது.

தெய்வத்திரு ஜ. ஆனந்தன். எழுத்து அம்சமாக விழுந்திருந்தது. இடது ஓரத்தில் எப்போதும் இருக்கிற அந்த மூன்று கரும்புள்ளிகள்கூட இந்தத் தாளில் இல்லை. ஒரு மடிப்பில்லை, ஒரு கசங்கலில்லை.

கனிமொழி ஆட்டோவோடு வந்தாள். தாளைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது, அடுத்த நொடியே அந்த வரியில் கண் பட்டுச் சுருங்கியது. நாலு மூலையிலும் மஞ்சள் வைத்தாள். தாம்பாளத்தில் வைத்து, முந்தானையால் மூடிக்கொண்டு ஏறினாள். மோகனும் வருகிறானா என்று கேட்டதற்கு, கடையை ஒழுங்குபண்ணிவிட்டு வருவதாகச் சொன்னான்.

தரையெல்லாம் தாள். பொறுக்கி அடுக்கினான். மிஷினை மூடினான். பிளக்கைப் பிடுங்கினான். கால்மணி நேரம் ஆகியிருக்கும், மழைச்சத்தத்துக்கு மேலே மலையில் மணி அடித்தது. பூஜை. வைத்துவிட்டார்கள். அப்பாடா என்று ஸ்டூலில் சாய்ந்தான். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

சிறிது நேரத்தில் இருட்டில் போன் அடித்தது.

"மோகனா" என்றாள் அம்மா. அந்தச் சந்தோஷக் குரலை அவன் ஏழு வருஷமாகக் கேட்கவில்லை. "பெரியவன் வந்துட்டான்டா. இப்பத்தான், மலையில மணி அடிக்கசொல்லோ பின்கதவாண்ட வந்து நின்னான். முழுசா நனஞ்சி கீறான். பேச்சுதான் வரல. சோறு போட்டுகினு கீறேன். கடைய சாத்திகினு வாடா."

அவன் என்ன பதில் சொன்னான் என்று அவனுக்கு நினைவில்லை. மழையில் மொபெட்டைக் கிளப்பியதும், நந்தியாற்றுப் பாலத்தில் தண்ணீர் கலங்கலாக ஓடியதும், பஸ் ஒன்று சேற்றை வாரி மேலே அடித்ததும் நினைவிருந்தது. வந்துவிட்டான் என்றால் நல்லதுதானே, அந்தத் தாளைக் கிழித்துவிடலாம், புதிதாக ஒன்று போடலாம், சடகோபனிடம் காலில் விழுந்தாவது சொல்லிக்கொள்ளலாம் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தான். பாதி வழியில் அதை நம்பவும் தொடங்கியிருந்தான்.

வீட்டு முன்கதவு திறந்திருந்தது. அம்மாவுக்குக் கொடுத்த பத்திரிகை சாமி படத்துக்கு முன்னால் இருந்தது. சமையல்கட்டில் சிம்னி விளக்கு.

ஆனந்தன் பின்கதவு நிலையில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தான். கதவு விரியத் திறந்து, அவனுக்குப் பின்னால் மழையும் இருட்டுமாக இருந்தது. போனபோது போட்டிருந்த அதே கோடு போட்ட சட்டை. வயது ஒரு நாள்கூட ஏறவில்லை. அவனுக்கு எதிரே பாயில் உட்கார்ந்து அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"வந்துட்டான் பாரு" என்றாள். "நான் சொன்னனா இல்லியா?"

மோகன் ஓரடி எடுத்துவைத்தான். அண்ணனுக்கு இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம் உண்டு. இருந்தது.

தாடைக்கு அடியில், கழுத்தில், இன்னொன்று இருந்தது.

திறந்த சட்டைக்குள், மார்பில், இன்னொன்று. ஒரே அளவு. ஒரே நேர்க்கோடு. அரைச் சாணுக்கு ஒன்று.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. பின்கதவுக்கு வெளியே, மழைக்குள். கிளக். ர்ர்ர்.

ஆனந்தன் உட்கார்ந்த நிலையிலேயே பின்னால் நகர்ந்தான். அவன் காலை அசைக்கவில்லை. ஒரு விரற்கடை. நின்றான். முதுகிருந்த இடத்தில் சட்டை விசிறிபோல் மடிந்தது. சட்டை மட்டும் இல்லை. கழுத்துத் தோலும் மடிந்தது, வரி வரியாக, கூர்மையாக. முகத்தில் வலி இல்லை. ஒன்றுமே இல்லை.

"சின்னப்புள்ளயாட்டம் கைய வுடமாட்டேங்கறான்டா" என்று சிரித்தாள் அம்மா.

அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். கட்டைவிரலும் நடுவிரலும். பக்கத்தில் அந்த விரல்கட்டை.

ர்ர்ர்.

இன்னும் ஒரு விரற்கடை. பாயோடு அம்மாவும் நகர்ந்தாள். சோற்றுத்தட்டு தரையில் உரசியது. அவள் அதைக் கவனிக்கவில்லை. மகனுடைய வாய்க்கு ஒரு கவளத்தை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தாள். மோகன் பாய்ந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. மறுபக்கத்து இழுப்பு ஒரே சீராக இருந்தது. விட்டுக்கொடுக்கிற இழுப்பு இல்லை அது. அண்ணனுடையது இல்லை. அண்ணன் பிடித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தான்.

ர்ர்ர்.

அம்மாவின் முழங்கால் வாசற்படியைத் தொட்டது. ஆனந்தனுடைய பாதி உடம்பு மழைக்குள் மடிந்து போயிருந்தது. அவன் அம்மாவைப் பார்க்கவில்லை. மோகனையே பார்த்துக்கொண்டிருந்தான், விடச்சொல்லி மறுபடி எப்போது சொல்வான் என்று.